ஒரு வருடத்துப் படங்களில் எது உசத்தி என்று பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். ஒரு வருடத்தை எடுத்துக்கொண்டு, அந்த வருடம் வந்த தமிழ்ப் படங்களில் எதற்கு முதல் இடம் என்று பொழுது சாயும்வரை பேசுவோம். போன முறை 1992. புதிதாக மூன்று பிள்ளைகள் வந்திருந்தார்கள். அவர்கள் பேசப் பேச, முப்பது வருடத்துக்கு முன்னால் நான் பேசியதையே மறுபடி கேட்பதுபோல் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். படம் பார்க்காமலே வாதாடுவது, தன் நடிகருக்காகச் சண்டை பிடிப்பது எல்லாம் தவறு என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

எந்தக் கணக்கில் அந்த வருடம் என்று பேசாமல் விடுவது

பாலு மகேந்திராவின் 'வீடு' தியேட்டருக்கு வந்தது 1988இல். ஆனால் அதற்குத் தேசிய விருது கிடைத்தது 1987ஆம் ஆண்டுப் படங்களுக்கான வரிசையில். 'நாயகன்' படத்துக்காகக் கமல்ஹாசனுக்குச் சிறந்த நடிகர் விருதும், 'வீடு' படத்துக்காக அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகை விருதும் ஒரே வரிசையில் வந்தவை. ஆக, 1987ஐப் பற்றிப் பேசும்போது ஒருவர் 'வீடு' என்பார், இன்னொருவர் அது அடுத்த வருடம் என்பார். ஒரு முறை எங்கள் வீட்டில் ஒரு மணி நேரம் இதிலேயே போய்விட்டது. தியேட்டருக்கு வந்த தேதியா, விருதுக்குக் கணக்கில் எடுக்கும் தணிக்கைத் தேதியா என்பதை முதல் ஐந்து நிமிடத்தில் முடிவு செய்துவிடுங்கள். நாங்கள் தமிழ்நாட்டில் தியேட்டருக்கு வந்த தேதியை வைத்துக்கொள்கிறோம். இங்கே நமக்கு எப்போது வந்து சேர்ந்தது என்பதைக் கணக்கில் எடுக்கவே கூடாது.

டப்பிங்கில் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வது

எனக்கு இன்னும் மனசு ஆறாத விஷயம் இது.

போன முறை வந்த ஒரு தம்பி, "ரோஜாவில் பாட்டை எடுத்துவிட்டால் என்ன மிச்சம்? புருஷனைக் கடத்திவிடுகிறார்கள், அந்தப் பெண் அழுகிறாள், அவ்வளவுதானே அண்ணா" என்றார். எந்த மொழியில் பார்த்தீர்கள் தம்பி என்று கேட்டேன். இந்தியில் என்றார்.

நானும் அப்படித்தான் பார்த்தேன். வீடியோ கேசட் வாடகைக்கு எடுத்த காலம் அது. கடையில் 'ரோஜா'வின் இந்தி டப்பிங் கேசட்தான் இருந்தது. என் தமிழும் அப்போது அரைகுறை, இந்தியும் அரைகுறை. எதில் பார்த்தால் என்ன என்று எடுத்து வந்துவிட்டேன். அப்புறம் 1992ஐப் பற்றிப் பேசிய அன்றைய கூட்டத்தில் எழுந்து, கதையில் கனம் இல்லை, பாட்டு வரிகளும் சாதாரணம் என்று இருபது நிமிடம் பேசினேன். தமிழில் அதே படத்தின் 'சின்னச் சின்ன ஆசை' வரிகளுக்குத்தான் வைரமுத்துவுக்குத் தேசிய விருது கிடைத்திருந்தது. நான் கேட்டதோ வேறொருவர் இந்தியில் எழுதிய வரிகள். என் பேச்சைக் கேட்டு இரண்டு பேர் மனம் மாறினார்கள். ஒரே ஓட்டில் 'தேவர் மகன்' ஜெயித்தது. அது எல்லா விதத்திலும் தகுதியான படம்தான். நான் அதை ஜெயிக்க வைத்த விதம்தான் சரியில்லை.

சில வருடம் கழித்துத் தமிழில் 'ரோஜா'வைப் பார்த்தேன். சுந்தரபாண்டியபுரத்துப் பெண், தமிழைத் தவிர ஒரு மொழியும் தெரியாமல் காஷ்மீரில் நிற்கிறாள். கணவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடிப் போய்த் தமிழில் கதறுகிறாள். அங்கே ஒருவருக்கும் புரியவில்லை. அந்தப் படத்தின் வலி முழுக்க அங்கேதான் இருக்கிறது. இந்தி டப்பிங்கில் எல்லோர் வாயிலும் ஒரே மொழி. அப்படியானால் அவள் சொல்வது ஏன் யாருக்கும் எட்டவில்லை? தமிழ் தெரிந்த வழிகாட்டியாக ஜனகராஜ் வருகிறாரே, அவர் எதற்கு? டப்பிங் பார்த்தவருக்கு இதற்கெல்லாம் பதிலே கிடைக்காது. நான் பார்த்ததில் அந்த வலியையே காணோம். அது இல்லாத ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் கதையில் கனம் இல்லை என்று பேசியிருக்கிறேன்.

எங்கள் ஆயாவுக்குத் தமிழ் மட்டும்தான் சரளமாக வரும். ஆஸ்பத்திரிக்குப் போனால் எங்கே வலிக்கிறது என்று சொல்வதற்குச் சின்னப் பையனான நான் கூடவே போக வேண்டும். நான் வரும்வரை வாயைத் திறக்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். 1860இல் முதல் கப்பலில் மதராஸிலிருந்து இந்த நேட்டாலுக்கு வந்து இறங்கியவர்களுக்கும் இதே கதிதான் இருந்திருக்கும். 'ரோஜா' எங்கள் வீட்டுக் கதை. ஜெயித்த படத்தைத் தீபாவளிக்கு மண்டபத்தில் எல்லோருக்கும் போட்டுக் காட்டுவது அப்போது எங்கள் வழக்கம். ஆயா முன்வரிசையில் உட்கார்ந்து 'தேவர் மகன்' பார்த்தார். அடுத்த தீபாவளிக்கு அவர் இல்லை.

சப்டைட்டில் இருந்தால் போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். நம்மில் பலருக்கு அது இல்லாமல் முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனால் ஒருவர் தமிழில் பேசினாலும் இன்னொருவர் இந்தியில் பேசினாலும் கீழே ஓடுவது ஒரே இங்கிலீஷ்தான். மொழி மாறுகிற இடம் கண்ணுக்குத் தெரியாது, காதுதான் பிடிக்க வேண்டும். அதேபோல 'தேவர் மகன்' இந்தியில் 1997இல் 'விராசத்' என்று ரீமேக் ஆகி வந்தது. அதைப் பார்த்தவர் 'தேவர் மகன்' பார்த்தவர் ஆகமாட்டார். சிவாஜி அந்தத் தமிழை உச்சரிக்கும் விதத்தைக் கேட்காமல் அந்த அப்பாவைப் பற்றி என்ன பேச முடியும்?

இப்போது எங்கள் கூட்டத்தில் வாய் திறக்கும் முன் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எந்த மொழியில் பார்த்தீர்கள், முழுப் படமா டிவியில் வெட்டியதா, கடைசியாகப் பார்த்தது எப்போது. பதில் சரியில்லை என்றால் அன்றைக்குக் கேட்கலாம், ஓட்டுப் போடக் கூடாது.

விருதையே வாதமாக வைப்பது

1992க்கான தேசிய விருதில் இசைக்கு இளையராஜாவா, ஏ.ஆர். ரஹ்மானா என்று நடுவர்கள் சரிபாதியாகப் பிரிந்து நின்றார்கள். தலைவராக இருந்த பாலு மகேந்திராவின் ஓட்டுதான் ரஹ்மான் பக்கம் சாய்த்தது. 'தேவர் மகன்' இசைக்கும் 'ரோஜா' இசைக்கும் நடுவே இருந்தது அந்த ஒரு ஓட்டுதான். அந்த விருதைக் காட்டி 'தேவர் மகன்' இசையைக் குறைத்துப் பேசினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பின்னால் நடந்ததை முன்னால் ஏற்றுவது

'ரோஜா' ரஹ்மானின் முதல் படம் என்பதற்காக ஓட்டுப் போடாதீர்கள். விஜய் நாயகனாக அறிமுகமான 'நாளைய தீர்ப்பு'ம் 1992தான். அதற்கு யாராவது முதல் இடம் தருவீர்களா?

வசூல்

பேசவே வேண்டாம்.

பழைய நினைவை நம்புவது

மறுபடி பாருங்கள். அடுத்த கூட்டத்துக்கு 1978 எடுத்திருக்கிறோம். 'முள்ளும் மலரும்', 'அவள் அப்படித்தான்', 'கிழக்கே போகும் ரயில்', 'சிகப்பு ரோஜாக்கள்' எல்லாம் அந்த ஒரே வருடத்தில் வந்தவை. 'முள்ளும் மலரும்' நான் கடைசியாகப் பார்த்துப் பதினொரு வருடம் ஆகிறது. இந்த வாரமே போட்டுவிட வேண்டும்.