ஸ்போர்ட்ஸ் காரும் ஈஎஸ்சியும்: திருகோணமலையில் ஓட்டப் பழகுபவர்களுக்கு

டொயோட்டா 86, மஸ்டா ரோட்ஸ்டர் மாதிரி பின்சக்கர இழுவைக் கார் ஒன்று முதன்முதலாகக் கைக்கு வந்திருக்கிறதா? எஞ்சின் பலத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் டாஷ்போர்டில் வழுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கைப் பாருங்கள். எஞ்சினைத் தொடங்கும்போது எரிந்து, சில வினாடிகளில் அணைய வேண்டும். அணைந்தால் ஈஎஸ்சி, அதாவது கார் வழுக்கும்போது தானாகவே தலையிட்டு நேராக்கப் பார்க்கும் மின்னணு அமைப்பு, தயார். டொயோட்டாவில் இதற்கு விஎஸ்சி என்று பெயர், மஸ்டாவில் டிஎஸ்சி.

ஸ்டியரிங்கை நீங்கள் எவ்வளவு திருப்பினீர்கள், கார் உண்மையில் எவ்வளவு திரும்புகிறது, இந்த இரண்டையும் சென்சர்கள் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஒத்துப்போகாவிட்டால் பெரும்பாலும் ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிறேக் விழும், எஞ்சின் இழுவையும் குறையும். பின்பக்கம் வெளியே வீசினால் வளைவின் வெளிப்பக்க முன்சக்கரம். முன்பக்கம் திரும்பாமல் நேரே போனால் உட்பக்கப் பின்சக்கரம். எவ்வளவு கெட்டிக்காரச் சாரதியாலும் இது ஆகாது, காலடியில் இருப்பது ஒரே பிறேக் பெடல்தானே. 1995இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் வந்தபோது ஆடம்பரமாக இருந்தது, இன்று சின்னக் கார்களிலும் இருக்கிறது.

அடுத்தது ரயர். ஈஎஸ்சி புதிதாகப் பிடிமானம் எதையும் உண்டாக்காது, ரயரில் இருப்பதைப் பங்கிட்டுக் கொடுக்கும், அவ்வளவுதான். தேய்ந்த ரயரோடு மார்கழி மழையில் கந்தளாய் வீதியில் பறந்தால், தண்ணீர் மேல் மிதக்கும் சக்கரத்துக்குப் பிறேக் பிடித்து என்ன பயன்? காற்றழுத்தம் எவ்வளவு என்று சாரதி கதவோரம் ஒட்டியிருக்கும், அதன்படி வையுங்கள்.

சரி, பழகுவது எப்படி? உரிமையாளரிடம் கேட்டு, ஆளில்லாத விசாலமான வளவு ஒன்றில், மழை பெய்து நனைந்திருக்கும்போது, மெதுவாக வட்டமடித்துக்கொண்டே அக்சிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஒரு கட்டத்தில் விளக்கு மினுங்கும், கீழே கடகடவென்று சத்தம் கேட்கும், மிதித்தாலும் இழுவை வராது. பயப்பட வேண்டாம். அக்சிலேட்டரை மெல்லத் தளர்த்தி, போக வேண்டிய பக்கம் பார்த்து, அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைப் பிடியுங்கள். ஸ்போர்ட்ஸ் கார்களில் பலதும் கொஞ்சம் வழுக்க விட்டுத்தான் தலையிடும், அதனால் வீதியில் விளக்கு மினுங்கினால் நீங்கள் ஏற்கனவே எல்லையைத் தொட்டாயிற்று என்று அர்த்தம். நிலாவெளிப் பக்கம் மணல் படிந்த வளைவில் ஒருமுறை மினுங்கினால் வேகத்தைக் குறையுங்கள், இரண்டாம் முறைக்குக் காத்திருக்காதீர்கள். ஊர் மாடுகள் எந்த வளைவுக்குப் பின்னால் படுத்திருக்கும் என்பது எந்தச் சென்சருக்கும் தெரியாது.

அப்புறம் எல்லோரும் கேட்கும் அந்த பட்டன், ஈஎஸ்சியை நிறுத்துவது. பல கார்களில் ஒருமுறை அழுத்தினால் சக்கரம் வெறுமனே சுழல்வதைத் தடுக்கும் பகுதி மட்டும் நிற்கும். காரை நிறுத்திய நிலையில் சில வினாடிகள் அழுத்திப் பிடித்தால் ஈஎஸ்சியும் போய்விடும். உங்கள் காரின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடற்கரை மணலில் சக்கரம் புதைந்தால் முதல் அழுத்தல் உதவும், வெளியே வந்ததும் திரும்பப் போட்டுவிடுங்கள். அழுத்திப் பிடிப்பது பந்தயத் திடலுக்கு மட்டும். பொது வீதியில் ஈஎஸ்சியை நிறுத்துவது வீரம் என்று சொல்லும் நண்பரோடு காரில் ஏறாதீர்கள்.

விளக்கு மினுங்காமல் ஒரேயடியாக எரிந்துகொண்டிருந்தால் அது வேறு கதை. பற்றரி கழற்றிப் பூட்டிய பிறகோ சக்கர அலைன்மென்ட் செய்த பிறகோ ஸ்டியரிங் சென்சர் நடுநிலையைத் தவறவிட்டிருக்கலாம், ஸ்கேனர் உள்ள கராஜில் காட்டுங்கள், அதுவரை ஈஎஸ்சி இல்லாத கார் என்று நினைத்தே ஓட்டுங்கள்.