ஜாம் போத்தல் விளக்கைப் படம்பிடிப்பது எப்படி

பாளையங்கோட்டையில் பதினாறு வருசமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன். போர்முனைக்குப் போய்ப் படமெடுக்க எனக்கு வசதியும் இல்லை, தைரியமும் இல்லை. ஆனால் போருக்குள் சமைத்து, துணி துவைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியவர்கள் நம் மாவட்டத்திலேயே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் இருக்கிறார்கள். மூன்று வருசமாக அவர்களின் பேச்சைப் பதிவு செய்கிறேன். எந்த முகாம் என்று சொல்லமாட்டேன். காரணம் பின்னால் வருகிறது.

கேமராவைத் தூக்கிக்கொண்டு நேரே முகாம் வாசலில் போய் நிற்காதீர்கள். கலெக்டர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். முகாம்களைக் கண்காணிக்கும் உளவுப் போலீசான கியூ பிரிவும் விசாரிப்பார்கள். எனக்கு இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதத்தை வீணாக்காதீர்கள். முகாம் ஆட்கள் நிறையப் பேர் பெயின்ட் வேலைக்கு வெளியே வருவார்கள், டீக்கடையில் பழகலாம். கொஞ்சம் படித்தும் வையுங்கள். யாழ்ப்பாணத்துக்காரர் ‘இடப்பெயர்வு’ என்று மொட்டையாகச் சொன்னால் பெரும்பாலும் 1995 அக்டோபர் 30, யாழ்ப்பாண நகரமும் சுற்றுப் பகுதியுமான வலிகாமமே காலியான இரவு. வன்னிக்காரர் ‘கடைசி நேரம்’ என்றால் போர் முடிந்த 2009. இது தெரியாமல் “எப்போ?” என்று குறுக்கே கேட்டால் பேச்சு அறுந்துவிடும்.

முதல் நாள் ஒரு ஆச்சியிடம் (அங்கேயும் ஆச்சிதான், நமக்கும் ஆச்சிதான்) “குண்டு போட்டப்போ எப்படி இருந்துச்சு?” என்று கேட்டேன். வந்துபோன அதிகாரிகளுக்கெல்லாம் சொன்ன அதே நாலு வாக்கியத்தை ஒப்பித்துவிட்டு உள்ளே போய்விட்டார். அடுத்த வாரம் கேமரா இல்லாமல் போனேன். “அப்போ விளக்குக்கு மண்ணெண்ணெய் கிடைச்சுதா ஆச்சி?” என்றேன். ஒன்றரை மணி நேரம் பேசினார்.

1990-இல் இலங்கை அரசின் பொருளாதாரத் தடை வந்தபிறகு யாழ்ப்பாணத்தில் பெட்ரோல், பேட்டரி, சவுக்காரம் (சோப்பு) எதுவும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. கரண்டும் கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டிருக்கிறார்கள். பனம்பழச் சாற்றில் துணி துவைத்திருக்கிறார்கள். காயப்போட்ட சட்டையை மாடு வந்து சப்பிய கதையைச் சொல்லும்போது ஆச்சிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அப்புறம் விளக்கு. “ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சை வைச்சு, மண்ணெண்ணெயை அளந்து விடுறது தம்பி. பொடியள் நாலு பேரும் அதைச் சுத்தி இருந்து படிப்பினம்.”

இப்படி ஒரு பொருள் சிக்கினால் விடாதீர்கள். பேட்டியை நிறுத்திவிட்டு அதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். வாய் மறந்ததைக் கை மறக்காது. ரேஷனில் மண்ணெண்ணெய் தேடி நான் அலைந்தது தனிக்கதை. பனம்பழம் பிரச்சினையில்லை, ஆவணியில் திசையன்விளைப் பக்கம் போனால் போதும்.

விளக்கைப் படமெடுக்கும்போது ட்யூப்லைட்டை அணையுங்கள், உங்கள் எல்இடி விளக்கைப் பையை விட்டே எடுக்காதீர்கள். 50 எம்எம் லென்ஸ், எஃப் 1.8, நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50. ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் சுடரின் மஞ்சளைக் கேமரா வெளுத்துவிடும். 3200 கெல்வினில் பூட்டிவையுங்கள். மைக்கைச் சேலை மடிப்புக்குள் குத்துங்கள். தகரக் கூரைக்குக் கீழே ஃபேனை நிறுத்தச் சொல்வது பாவம், அதனால் காலை ஏழு மணிக்கே முடித்துவிடுவேன்.

தேதி குறிக்குமுன் பக்கத்து ஊர்க் கோவில் கொடை விழா எப்போது என்று விசாரியுங்கள். நான் விசாரிக்கவில்லை. ஒரு தாத்தா பேசிக்கொண்டிருக்கும்போது வேட்டு போட்டார்கள். பேச்சை நிறுத்திக் கூரையைப் பார்த்தார், கை தானாகப் பேத்தியை இழுத்து அணைத்தது. என் விரல் ஜூமில் இருந்தது. அன்று இரவே அதை அழித்துவிட்டேன். அழித்தது சரியா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

எடிட்டிங்கில் அவர்கள் சொற்களைத் திருத்தாதீர்கள். என் மருமகன் எழுத்துப் போடும்போது ‘ஷெல்’, ‘கிபிர்’ எல்லாவற்றையும் ‘குண்டு’ என்று மாற்றிவைத்திருந்தான். ஒன்று தரையிலிருந்து வருவது, மற்றது விமானம். எதற்கு எப்படிப் பதுங்குவது என்பதே வேறு.

சம்மதத்தை இரண்டு தரம் வாங்குங்கள்: எடுக்கும்முன் ஒன்று, வெட்டி ஒட்டியதைக் காட்டியபின் ஒன்று. பலருக்குச் சொந்தக்காரர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள், சிலர் குடியுரிமைக்கு மனுப்போட்டுக் காத்திருக்கிறார்கள். கதவு எண், சுவரில் மாலை போட்ட படம், பள்ளிச் சீருடை, ஒன்றும் தெரியக்கூடாது. போனில் எடுத்தால் லொக்கேஷனை அணைத்துவிடுங்கள்.

ஆச்சியின் முகம் என் படத்தில் இல்லை, கை மட்டும்தான். லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். “வெளிச்சம் கூடிப்போச்சு தம்பி. இவ்வளவு வெளிச்சம் எங்கட வீட்டில இருந்ததே இல்லை.”

ஐஎஸ்ஓவை 3200-இலிருந்து 1600-க்கு இறக்கி, மறுநாள் திரும்ப எடுத்தேன்.