'பிக்மாலியன்' படத்துக்கு அறிமுகம் எழுதுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் ஃபிலிம் சொசைட்டியில் 1938-ல் வந்த 'பிக்மாலியன்' படத்தைத் திரையிட்டோம். தெருவில் பூ விற்கும் எலிசாவை, ஹிக்கின்ஸ் என்ற மொழியொலிப் பேராசிரியர் சீமாட்டி போலப் பேசப் பழக்குகிற கதை; பெர்னார்ட் ஷாவின் நாடகத்திலிருந்து எடுத்தது. புதிதாகச் சேர்ந்த மூன்று பேர் ஆளுக்கொரு அறிமுகக் குறிப்பு எழுதிக்கொண்டு வந்தார்கள். படிக்கப் படிக்க எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் நான் எழுதிய குறிப்பு, அதே தவறுகளோடு திரும்பி வந்த மாதிரி இருந்தது. பெயர்ப் பிழை, வருடப் பிழை எல்லாம் இன்னொருவர் கண்ணில் பட்டால் சரியாகிவிடும். படத்தையே வேறொன்றாகக் காட்டிவிடுகிற தவறுகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

பாட்டில்லாத 'மை ஃபேர் லேடி' என்று நினைப்பது

முக்கால்வாசிப் பேர் இதே கதையை வைத்து 1964-ல் வந்த அந்த இசைப்படத்தைப் பார்த்துவிட்டுத்தான் இதற்கு வருகிறார்கள். அதனால் இது அதற்கு ஒத்திகை போலத் தெரிகிறது. ஆனால் கடன் வாங்கியது பிந்தி வந்த படம்தான். ஸ்பெயின் மழையை வைத்து வரும் அந்த உச்சரிப்புப் பயிற்சி, பெர்னார்ட் ஷாவின் மூல நாடகத்தில் கிடையாது. இந்தப் படத்தில்தான் முதலில் வந்தது. தூதரக நடன விருந்தும் அப்படித்தான். 1914-ல் லண்டன் மேடையில் அந்த விருந்து கண்ணுக்குத் தெரியாமல் நடந்து முடிந்துவிடும். களைத்து வீடு திரும்புகிறவர்களைத்தான் பார்ப்போம். படத்தில் எலிசா படியேறிப் போவதையே பார்க்கிறோம். படத்தொகுப்பு டேவிட் லீன். பயிற்சிக் காட்சிகளின் வேகத்தைக் கவனித்தால், 'படம்பிடித்த நாடகம்' என்று எழுதக் கை வராது.

தேநீர்க் காட்சியில் உச்சரிப்பைக் குறை சொல்வது

ஹிக்கின்ஸின் அம்மா வீட்டில் எலிசாவுக்கு முதல் சோதனை. எலிசாவாக நடிக்கும் வெண்டி ஹில்லர் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தையும் செதுக்கிச் செதுக்கிப் பேசுகிறார். அதே சுத்தமான குரலில், தன் அத்தை காய்ச்சலில் சாகவில்லை, கொன்றுவிட்டார்கள் என்கிறார். தனக்கு வரவேண்டிய புது வைக்கோல் தொப்பி எங்கே போனது என்று கேட்கிறார். தொப்பியைத் திருடியவர்கள்தான் அத்தையையும் முடித்தார்கள் என்பது அவர் கட்சி. இதில் உச்சரிப்பு எங்கேயும் பிசகவில்லை. நாக்கு சீமாட்டியுடையது, சொல்கிற சங்கதி அவள் பிறந்த தெருவுடையது. 'தப்புத் தப்பாகப் பேசிச் சிரிக்க வைக்கிறார்' என்று எழுதினால் காட்சியே போயிற்று.

முடிவை ஷாவின் தலையில் கட்டுவது

இதை மட்டும் என்னால் இன்றைக்கும் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

'ஷா கடைசியில் இருவரையும் சேர்த்து வைக்கிறார்' என்று என் பழைய குறிப்பில் எழுதியிருந்தேன். அதை நம்பிய ஒரு கல்லூரி நாடகக் குழு, படத்தின் முடிவை அப்படியே மேடைக்குக் கொண்டுபோனது. துண்டறிக்கையில் 'ஷா எழுதியபடி' என்று அச்சடித்தும் விட்டார்கள். ஒத்திகையில் எலிசாவாக நடித்த மாணவி என்னிடம் கேட்டாள்: "சார், செருப்பை மூஞ்சிலயே எறிஞ்சவ, எதுக்கு சார் திரும்பி வரா?"

"காதல்தாம்மா" என்றேன்.

அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது. ஏனென்றால் ஷா வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டிய கேள்வி அது. நாடகத்தில் எலிசா, ஹிக்கின்ஸ் தமக்கு வேண்டியதைத் தாமே வாங்கிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு வெளியேறுகிறாள். லண்டனில் ஹிக்கின்ஸாக நடித்த ஹெர்பர்ட் பியர்போம் ட்ரீ, திரை விழும் முன் அவளை நோக்கிப் பூக்களை வீசி அதைக் காதல் கதையாக்கினார். ஷாவுக்கு ஆத்திரம். 1916-ல் நாடகத்துக்குப் பின்னுரை எழுதி, எலிசா தன்னைக் காதலிக்கும் இளைஞன் ஃப்ரெடியைத்தான் கட்டிக்கொள்கிறாள், பூக்கடை வைக்கிறாள் என்று தீர்த்துச் சொன்னார். படத்துக்கும் ஃப்ரெடியோடு கடை நடத்துகிற முடிவையே எழுதிக் கொடுத்தார். ஹிக்கின்ஸாக அவர் கேட்டது சார்ல்ஸ் லாட்டனை; வந்ததோ, பார்த்தவுடன் காதலனாகத் தெரியும் லெஸ்லி ஹோவர்ட். தயாரிப்பாளர் கேப்ரியல் பாஸ்கல் படமாக்கிய முடிவுக் காட்சியும் வேறு.

அந்த முடிவிலாவது கல்யாணம் இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. கடைசிக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஹிக்கின்ஸ் தனியாக, எலிசாவின் பழைய குரல் பதிவைக் கேட்கிறார். வாசலிலிருந்து எலிசாவின் நிஜக் குரல் வருகிறது, வரும்போதே மூஞ்சியும் கையும் கழுவிக்கொண்டுதான் வந்தேன் என்று, முதல் நாள் பேசிய அதே தெருப் பேச்சில். அவர் எழுந்து போகவில்லை. நாற்காலியில் சாய்ந்து, அவளுக்கு முதுகைக் காட்டியபடி, தன் வீட்டுச் செருப்பு எங்கே என்று கேட்கிறார். நடன விருந்து முடிந்த இரவு அவள் அவர் மேல் எறிந்தாளே, அதே செருப்பு. முத்தம் இல்லை, கை தொடுவதுகூட இல்லை. அவள் எடுத்துக் கொடுத்தாளா என்பதையும் படம் காட்டுவதில்லை.

ஆகவே 'இது படத்தின் முடிவு, ஷாவுடையது அல்ல' என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள். 'சேர்ந்தார்கள்' என்ற சொல்லைத் தொடாதீர்கள். இந்த முடிவு எனக்கும் பிடிக்கும், ஹோவர்டின் முதுகு அவ்வளவு பேசுகிறது. ஆனால் எழுதியவர் வேண்டாம் என்றதை அவர் பெயரிலேயே பரப்புவது அநியாயம்.

இயக்குநர்

இரண்டு பேர்: ஆண்டனி ஆஸ்க்வித், லெஸ்லி ஹோவர்ட்.

ஆஸ்கர்

திரைக்கதைக்கு மட்டும். ஷாவோடு இன்னும் மூன்று பேர் அதைப் பகிர்ந்துகொண்டார்கள்.

தலைப்பு

படத்தில் பிக்மாலியன் என்று யாரும் இல்லை. தான் செதுக்கிய சிலையையே காதலித்த கிரேக்கப் புராணச் சிற்பி அவன். அந்தச் சிலைக்குத் தன் சிற்பியை முழுசாகப் பிடிப்பதே இல்லை என்று ஷா அதே பின்னுரையில் எழுதியிருக்கிறார். அந்த மாணவியிடம் நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.