வரைபடப் புள்ளியை நம்பி சைக்கிள் மிதிக்காதீர்கள்: ஊட்னடாட்டா பாதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெற்கு ஆஸ்திரேலியாவில் மரீ என்ற சிற்றூரில் தொடங்கி மார்லா வரை போகும் மண் சாலைதான் ஊட்னடாட்டா டிராக். நீளம் சுமார் 620 கி.மீ. துணைக்கு வண்டி எதுவும் இல்லாமல், சாப்பாடு, தண்ணீர், கூடாரம் எல்லாவற்றையும் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு அவுட்பேக், அதாவது ஆஸ்திரேலியாவின் ஆளரவமற்ற உட்பகுதிக்குப் போக ஆசைப்படுகிற பலரின் கண் இதன் மேல் விழுகிறது. பெரிய ஏற்றங்கள் இல்லை. வரைபடத்தில் வழிநெடுகப் பெயர்களும் இருக்கின்றன. முதல் சறுக்கலே அந்தப் பெயர்களில்தான்.

அவற்றில் பல, 1980இல் மூடப்பட்ட பழைய கான் ரயில்பாதையின் நிலையங்கள். இன்று அங்கே பெரும்பாலும் கல் சுவர்தான் நிற்கும், கூரைகூட இருக்காது. வேறு சில, மாட்டுப் பண்ணைக்காரர்களின் வீடுகள், கடைகள் அல்ல. சாப்பாடும் சாமானும் நம்பி வாங்கக்கூடிய இடங்கள் மரீ, வில்லியம் க்ரீக், ஊட்னடாட்டா, மார்லா ஆகிய நான்குதான். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஏறக்குறைய 200 கி.மீ. அதிலும் வில்லியம் க்ரீக் என்பது ஒரு விடுதி, ஒரு விமான ஓடுதளம், விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய ஆட்கள், அவ்வளவே. தெருமுனைக்குத் தெருமுனை டீக்கடை பார்த்து வளர்ந்த நமக்கு இது மண்டையில் ஏறக் கொஞ்சம் நேரமாகும்.

அடுத்தது, தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிடுவது. இங்கே கணக்கு லிட்டரில். சுமையோடு மண் சாலையில் ஒரு நாளைக்கு 70 கி.மீ. போனால் நல்ல நாள். 200 கி.மீ.க்கு மூன்று நாள். குளிர்காலத்திலேயே சமையலையும் சேர்த்து நாளுக்கு 7 லிட்டர் வைத்துக்கொண்டால் 21 லிட்டர், அதாவது 21 கிலோ. சரி, தாங்கிவிடலாம். ஆனால் எதிர்க்காற்று எழுந்தால் மணிக்கு 8 கி.மீ. நகர்வதற்குள் நாக்குத் தள்ளிவிடும். மூன்று நாள் நான்கு நாளாகும், 21 லிட்டர் 28 ஆகும். இந்த நான்காவது நாளை வீட்டில் உட்கார்ந்து திட்டம் போடும்போது யாரும் சேர்ப்பதில்லை.

அத்தனை தண்ணீரையும் ஒரே கேனில் ஊற்றுவதும் தவறுதான். ஒரு ஓட்டை விழுந்தால் கதை முடிந்தது. நாலைந்தாகப் பிரித்துக் கட்டுங்கள். அட்டைப்பெட்டி ஒயினுக்குள் இருக்கும் வெள்ளி நிறப் பையைக் கழுவித் தண்ணீர்ப் பையாக்கிக்கொள்வது அங்கே பழைய பழக்கம், காலியானால் மடித்துவிடலாம்.

வழியில் ஊற்றுகள் உண்டே என்று கேட்கலாம். உண்டு. அந்தப் பாதை அங்கே போவதே அவற்றால்தான். பூமிக்கடியில் இருக்கும் பெரும் ஆர்ட்டீசியன் நீர்ப்படுகை அந்த வரிசையில் ஊற்றுகளாக மேலே வருகிறது. பழங்குடி மக்களின் வணிக வழியும், 1872இல் முடிந்த தந்திக் கம்பியும், நீராவி ரயிலும் அந்த ஊற்றுகளை ஒட்டியே போயின. கவர்ட் ஸ்பிரிங்ஸில் வெதுவெதுப்பான குளம்கூட இருக்கிறது, காலை நீட்டி உட்கார்ந்தால் அலுப்பெல்லாம் போய்விடும். ஆனால் இந்த நீர் பல இடங்களில் உப்பும் தாதுவும் கலந்தது. குடிநீர்க் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கோடையில் போவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1960 ஜனவரி 2 அன்று ஊட்னடாட்டாவில் 50.7 டிகிரி செல்சியஸ் பதிவானது. அங்கே பருவங்கள் நமக்கு நேர்மாறு, அதனால் மே முதல் ஆகஸ்ட் வரை போங்கள். பாலைவனம்தானே என்று மெல்லிய போர்வையோடு போகவும் வேண்டாம், ஜூலை இரவில் பாட்டில் தண்ணீர் உறைந்துவிடக்கூடும்.

மழையை மறப்பது இன்னொன்று. கொஞ்சம் பெய்தாலே போதும், களிமண் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் திணிந்து, சக்கரம் சுற்றாது. குச்சியால் சுரண்டி எடுத்துப் பத்தடி தள்ளினால் மறுபடி அடைத்துக்கொள்ளும். சாலையையே மூடிவிடுவார்கள். காயும்வரை உட்கார்ந்திருக்க இரண்டு நாள் உணவு கூடுதலாக வேண்டும். காய்ந்த ஓடை மணல் மெத்தை மாதிரி இருக்கிறதே என்று அதில் கூடாரம் போடாதீர்கள். எங்கோ தொலைவில் பெய்த மழை இரவில் அங்கே வரும்.

பழுது என்றாலே பஞ்சர்தான் நினைவுக்கு வரும். உண்மையில் ஆளைக் கவிழ்ப்பது திருகாணி. வண்டிகள் ஓடி ஓடி சாலை தகரக் கூரை போல அலை அலையாக எழும்பியிருக்கும். நாள் முழுக்க அதில் தடதடத்தால் பின் கேரியரைப் பிடித்திருக்கும் ஆணி தானாகவே சுழன்று கழன்றுவிடும். மாலையில் கூடாரம் போடும் முன் ஒவ்வொன்றையும் திருகுச்சாவியால் தொட்டுப் பாருங்கள். மாற்று ஆணிகள், சில ஸ்போக்ஸ், பின் கியரைத் தாங்கும் சின்ன அலுமினியக் காது, இவற்றைக் கையோடு கொண்டுபோங்கள், அங்கே கடையில் கிடைக்கும் என்று நம்ப முடியாது. டயர் இரண்டு அங்குலமாவது அகலம் இருக்கட்டும்.

பஞ்சருக்கு வந்தால், அங்கே ரோட்டோரத்தில் குத்துவது நம் ஊர் நெருஞ்சி முள்தான், அதே செடி. சாலையை விட்டு ஒதுங்கும்போது சைக்கிளை உருட்டாமல் தூக்கிக்கொண்டு போங்கள்.

கைபேசியை நம்ப வேண்டாம். ஊரைத் தாண்டினால் சிக்னல் இருக்காது. செயற்கைக்கோள் வழியாக மீட்புப் படைக்குத் தகவல் அனுப்பும் கருவியை முறைப்படி பதிவு செய்து, கைக்கு எட்டும் பையில் வையுங்கள். சைக்கிளோடு சேர்ந்து தொலைகிற இடத்தில் வேண்டாம். எது நடந்தாலும் சாலையை விட்டு உதவி தேடி நடக்காதீர்கள்.

ஒரு சின்ன விஷயம். தண்ணீர் தீர்ந்து, தூரத்தில் தூசி தெரிந்து, வண்டி நெருங்கும்போது பலரும் கையை ஆட்டுவார்கள். அந்தச் சாலையில் எதிர்ப்படுகிற எல்லோரும் கையை ஆட்டுவது வழக்கம், அவர்களும் சிரித்தபடி ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். காலி பாட்டிலைத் தலைகீழாகத் தூக்கிப் பிடியுங்கள். நிறுத்துவார்கள்.