பாரிஸைத் தூக்கி நிறுத்தறது எப்படி? மொதல்ல எங்க சித்தி தண்ணி குடிக்கணும்

எங்க சித்தி பொன்னேரில சின்னதா ஒரு ஃபேன்சி ஸ்டோர் வச்சிருக்காங்க. மாசத்துல ரெண்டு தடவ கும்மிடிப்பூண்டி லைன் ட்ரெயின் புடிச்சு சென்னை பாரிஸ் கார்னர், அதாவது ஜார்ஜ் டவுன் வந்து தேவராஜ முதலி தெரு, பந்தர் தெருன்னு சுத்தி வளையல், கிளிப்பு, பொட்டுன்னு சரக்கு எடுத்துட்டு சாயங்காலம் திரும்பிடுவாங்க, அன்னிக்கு மட்டும் காலைலேருந்து ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டாங்க, ஏன் சித்தின்னா "அங்க எங்கடா போறது"ன்னு கேப்பாங்க.

ஜார்ஜ் டவுன புதுப்பிக்கணும்னு யார் பேசினாலும் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். இந்த ஏரியா சென்னைக்காரங்களுக்கு மட்டும் கடைத்தெரு இல்லீங்க. கோடவுன் தெருல துணி, ஆண்டர்சன் தெருல பேப்பரும் கல்யாணப் பத்திரிகையும், நைனியப்ப நாயக்கன் தெருல மருந்தும் ஆஸ்பத்திரி சாமானும், இப்படி ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சரக்கு. திருவள்ளூர், அரக்கோணம், செங்கல்பட்டு, அந்தப் பக்கம் சூளூர்பேட்டைன்னு எங்கெங்கயோ இருக்கற சின்னக் கடைக்காரங்க வந்து எடுத்துட்டு போறாங்க. இங்க ஒருத்தருக்கு அரை நாள் மிச்சமானா அங்க ஒரு கடை அரை நாள் சீக்கிரம் தொறக்கும், அவ்ளோதான் கணக்கு. வியாபாரிங்க சங்கத்துலயோ, கவுன்சிலர் கூடவோ, இல்ல பிளானிங் படிச்சுட்டோ இருக்கறவங்க இந்த இடத்துக்கு ஏதாவது பண்ணணும்னு நெனச்சா எப்படி ஆரம்பிக்கலாம்னு எனக்குப் பட்டத சொல்றேன்.

மொதல்ல டிராயிங் போடாதீங்க, பில் புக்க பாருங்க. ஒரே ஒரு தெருவ எடுத்துக்கிட்டு கடைக்காரங்ககிட்ட ஒரு வாரம் பில்லு எந்த ஊருக்குப் போகுது, பார்சல் எந்த ஊருக்குப் போகுதுன்னு மட்டும் குறிச்சுத் தர சொல்லுங்க, தொகை வேணாம், தொகை கேட்டா ஜிஎஸ்டி ஆளுன்னு நெனச்சு டீ கூட தர மாட்டாங்க. ஊர் பேரு மட்டும் போதும். அந்த லிஸ்ட்தான் பின்னாடி எந்த ஆபீசுக்குப் போனாலும் உங்க கைல இருக்கற ஆயுதம்.

அடுத்து நடங்க. காலைல ஆறு மணி, மத்தியானம் பன்னெண்டு, ராத்திரி ஒம்போது, மூணு தடவையும். பீச் ஸ்டேஷன்ல எறங்கி கைல ரெண்டு பை வச்சுக்கிட்டு தேவராஜ முதலி தெரு வரைக்கும் போங்க, எத்தன எடத்துல பிளாட்ஃபாரத்த விட்டு ரோட்ல எறங்க வேண்டியிருக்குன்னு எண்ணுங்க. 2019 பிப்ரவரில மெட்ரோ வந்ததுலேருந்து ஹைகோர்ட், மண்ணடி ரெண்டு ஸ்டேஷன் கெடச்சிருக்கு, உள்ள ஏசி, எஸ்கலேட்டர் எல்லாம் சூப்பர், வெளிய வந்தா பைக் பார்க்கிங் நடுவுல நுழைஞ்சுதான் போகணும். கழிவறை எங்க இருக்கு, தொறந்திருக்கா, தாழ்ப்பா இருக்கா, தண்ணி வருதா, இதையும் எழுதுங்க. கட்டுனதோட முடிஞ்சு போச்சுன்னு நெனைக்காதீங்க, யார் கழுவுறாங்க, எத்தன மணிக்கு பூட்டுறாங்கன்றதுதான் விஷயம். இத ஒரு பொம்பள கூட போயி பாருங்க, தனியா போனா உங்களுக்கு எதுவும் தெரியாது.

இப்ப பெரிய விஷயம், லோடு. நெரிசல்னு வந்தாலே ஊருக்கு வெளிய தூக்கிப் போட்ருவோம்னுதான் நம்மூர்ல மொத யோசனை. 1996ல இங்க இருந்த கொத்தவால்சாவடி காய்கறி மார்க்கெட் கோயம்பேடு போச்சு, 2002ல வெளியூர் பஸ்ஸும் கோயம்பேடு போச்சு, 2023 டிசம்பர்ல தெக்குப் பக்க பஸ்ஸு கிளாம்பாக்கமே போயிடுச்சு. அதெல்லாம் தப்புன்னு சொல்லல, ஆனா இன்னிக்கும் கோவிந்தப்ப நாயக்கன் தெருல மத்தியானம் ஒரு குட்டியானை, அதாங்க சின்ன லோடு வண்டி, உள்ள நுழைஞ்சா பின்னாடி மொத்த தெருவும் நிக்குது. தூக்கிட்டுப் போறது மட்டும் மருந்து இல்ல. சரக்கு வர்ற நேரத்தையும் ஆள் வர்ற நேரத்தையும் பிரிக்கணும். நெறைய ஹோல்சேல் கடை தொறக்கவே பத்தரை பதினொன்னு ஆயிடும், அதுக்கு முன்னாடி இருக்கற காலை நேரம் சும்மா கெடக்கு. தெரு தெருவா உக்காந்து பேசி நேரம் வைங்க, மொத்த ஏரியாவுக்கும் ஒரே ரூல் போட்டா பூக்காரங்களும் பேப்பர்க்காரங்களும் ஒத்துக்கவே மாட்டாங்க. பேச்சுக்கு லோடுமேன்கள மறக்காம கூப்பிடுங்க, தெருவோட அகலம் இன்ச் கணக்குல தெரிஞ்சவங்க அவங்கதான். மூணு சக்கர லோடு வண்டியான மீன்பாடி வண்டிய தடை பண்ணாதீங்க, பேட்டரிக்கு மாத்த கடன் வாங்கிக் குடுங்க, நிறுத்த எடம் காட்டுங்க. மூணு மாசம் ட்ரையல் விடுங்க, அதுவும் வேல நாள்ல. ஞாயித்துக்கிழமை ரோட்ட மூடி ஃபோட்டோ எடுத்துட்டு வெற்றின்னு சொல்றது ஏமாத்து வேலை, பாதி கடை அன்னிக்கு ஷட்டர் எறக்கித்தான் இருக்கும்.

தி.நகர் பாண்டி பஜார நடைபாதைக் கடைத்தெருவா மாத்தின மாதிரி பண்ணலாமேன்னு யாராவது கேப்பாங்க. 2019 நவம்பர்ல அது தொறந்தப்ப நானும் போயி நடந்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அது சில்லறைக் கடைத்தெரு, துணி வாங்கிட்டு ஐஸ்கிரீம் சாப்பிடற கூட்டம். இங்க மூட்டை தூக்கறவங்க நடக்கணும், தள்ளுவண்டி சக்கரம் உருளணும், வழிய மறிச்சு நடற கல்தூணு இவங்களுக்கு எதிரி.

பிளாட்ஃபாரக் கடைங்க விஷயத்துல அவசரப்படாதீங்க. 2014 தெரு வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுல 40 சதவீதத்துக்குக் கொறையாம வியாபாரிகளோட பிரதிநிதிங்க இருக்கணும், கணக்கெடுப்பு முடியாம யாரையும் காலி பண்ணக் கூடாது. அத கைல வச்சுக்கிட்டு பேசுங்க. பர்மாலேருந்து திரும்பி வந்தவங்க பொழப்புக்காகப் போட்ட கடைங்கதானே பர்மா பஜார், இன்னிக்கு அத்தோங்கற பர்மா நூடுல்ஸ் சாப்பிடவே ஊர்லேருந்து ஆள் வருது.

பழைய கட்டடம் தனி தலவலி. 1960 வாடகைச் சட்ட காலத்துலேருந்து ஒட்டிக்கிட்டு இருக்கற வாடகை, பகடி (கடைக்குள்ள வர்றதுக்கு மொத்தமா குடுக்கற காசு) குடுத்து உக்காந்தவரு, வாடகை வரலன்னு ரிப்பேர் பண்ணாத ஓனர், ரிப்பேர் பண்ணா காலி பண்ண சொல்வாரோன்னு பயந்து சும்மா இருக்கற குடித்தனக்காரர், மாடில பூரா அட்டைப்பெட்டி கோடவுன், நடுவுல வயரு. 2019ல அமலுக்கு வந்த புது வாடகைச் சட்டம் எழுத்துல ஒப்பந்தம் போட சொல்லுது. அதனால ஒரு கட்டடத்துக்கு ஓனரையும் கடைக்காரரையும் ஒண்ணா உக்கார வச்சு, வேலை முடிஞ்சதும் அதே கடைக்காரர் என்ன வாடகைக்குத் திரும்பி வருவாருன்னு எழுதி வாங்குங்க, அப்புறம்தான் சாரம் கட்டணும். வெளிப்பக்கம் பெயிண்ட் அடிக்கறத விட உள்ள வயரிங் மாத்தறதுக்கு மொத காசு. தீ புடிச்சா என்ன ஆகும்னு பாருங்க, சென்ட்ரல் பக்கத்துல இருந்த மூர் மார்க்கெட் 1985ல எரிஞ்சப்புறம் பழைய புக்கு கடைங்க அல்லிக்குளம் போச்சு, பழைய கூட்டம் பின்னாடியே போகல.

மனு எங்க குடுக்கறதுன்னா, தெரு லெவல்ல மாநகராட்சி ராயபுரம் மண்டலம், டிராஃபிக் போலீஸ், மின்வாரியம். வார்டுல ஏரியா சபை நடந்தா அங்கயும் பேசுங்க, மினிட்ஸ்ல ஏறுச்சான்னு பாத்துட்டு வீட்டுக்குப் போங்க. ஆனா அதோட நிக்காதீங்க. சென்னைப் பெருநகரப் பகுதிய 1,189 சதுர கிலோமீட்டர்லேருந்து 5,904 ஆக்கணும்னு 2022ல ஆர்டர் போட்டாச்சு, மாஸ்டர் பிளான் வேலையும் அந்தக் கணக்குலதான் போகுது. அப்ப வெளியூர்க்காரங்களுக்கும் கருத்து சொல்ல உரிமை இருக்குல்ல? பில் புக் லிஸ்ட்ல இருக்கற ஊர்க் கடைக்காரங்ககிட்டயும் கையெழுத்து வாங்கி மாஸ்டர் பிளான் போடற சிஎம்டிஏவுக்கு ஒரு காப்பி, போக்குவரத்து பாக்கற கும்டாவுக்கு ஒரு காப்பி அனுப்புங்க. மதியம் ரெண்டு மணிலேருந்து ஏழு மணி வரைக்கும் பையோட ஏறலாம்ங்கற மாதிரி ஒரு லக்கேஜ் பெட்டி வேணும்னு ரயில்வேக்குத் தனியா ஒண்ணு.

எங்க தெரு மனுல மொத கையெழுத்து சித்தியோடது, கடை சீல் வச்சு குடுத்தாங்க. கீழ பேனால தனியா ஒரு வரி வேற எழுதியிருக்காங்க: பாத்ரூம்ல பை மாட்ட ஒரு கொக்கி வேணும், பைய கீழ வைக்க முடியாது.