அம்மாவுக்கு ஒரே ரிமோட்

எங்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் நான்கு ரிமோட் கிடந்தது. டிவிக்கு ஒன்று, கேபிள் செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, படம், பாட்டு ஓட்டும் 'கோடி' (Kodi) மென்பொருளை நான் போட்டு வைத்த 'ராஸ்பெர்ரி பை' என்ற குட்டிக் கணினிக்கு ஒன்று. நாலாவது, அப்பா 4440 என்ற ஆம்ப்ளிஃபயர் ஐசி போர்டுகளை வாங்கித் தன் கையால் கட்டிய ஆம்ப்ளிஃபயருடையது. அப்பா இல்லை; அது இன்னும் நன்றாகப் பாடுகிறது, அதை மாற்ற எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மாவிடமிருந்து போன் வரும்: "தம்பி, சத்தத்தை எதுலப்பா குறைக்கிறது?" அதற்காகத்தான் பொங்கல் விடுமுறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே ரிமோட்டில் ஏற்றினேன்.

வாங்க வேண்டியது 'லேர்னிங்' ரிமோட், அதாவது பழைய ரிமோட்டின் கட்டளைகளைப் பார்த்துப் பழகிக்கொள்வது. வெறும் யுனிவர்சல் ரிமோட்டில் பெரிய கம்பெனிகளின் கோடு எண்கள் மட்டும்தான் இருக்கும்; வீட்டில் கட்டிய ஆம்ப்ளிஃபயரின் ரிமோட் கிட் எந்தப் பட்டியலிலும் இருக்காது. கடையிலேயே ஒரு பட்டனைப் பழக்கிப் பாருங்கள். பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் போட்டு, பழகியது நினைவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். நான் முதலில் வாங்கியது பேட்டரி மாற்றிய அன்றே அத்தனையையும் மறந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

அடுத்தது ராஸ்பெர்ரி பையின் ரிமோட்டை ஒழிப்பது. பை எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைந்திருந்தால் அதற்குத் தனி ரிமோட் தேவையே இல்லை. டிவி மெனுவில் சிஇசி வசதியை ஆன் செய்யுங்கள். சாம்சங் அதை எனிநெட் பிளஸ் என்கிறது, எல்ஜி சிம்ப்லிங்க், சோனி பிராவியா சிங்க். ஆன் செய்துவிட்டால் டிவி ரிமோட்டின் அம்புக்குறிகளும் ஓகே பட்டனும் அதே கேபிள் வழியாகக் கோடிக்குப் போய்விடும்.

இப்போது ஒரு காகிதத்தை எடுங்கள். இந்த வேலையில் முக்கியமானது இதுதான். இந்த ரிமோட்டுகளில் டிவி, செட்டாப், ஆடியோ என்று பக்கம் மாற்றும் பட்டன்கள் இருக்கும். அவற்றை நம்பாதீர்கள். வயதானவர்கள் தடுமாறுவது அங்கேதான்: எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்று தெரியாமல் சத்தத்தைக் கூட்டப் போய்ச் சேனல் மாறிவிடும். எந்தப் பட்டனுக்கும் எந்தக் கருவியின் கட்டளையையும் சொல்லிக்கொடுக்கலாம் என்பதால் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் வைத்தேன். எண்களும் சேனல் மேல், கீழும் செட்டாப் பாக்ஸ். சத்தம் ஆம்ப்ளிஃபயர். அம்புக்குறி, ஓகே, திரும்பு மூன்றும் டிவி. சிவப்புப் பட்டன் டிவியின் சோர்ஸ், அதாவது கேபிளுக்கும் கோடிக்கும் மாற. பவர் டிவிக்கு, மஞ்சள் ஆம்ப்ளிஃபயர் பவருக்கு. அம்மா தொடாத பட்டன் எதையும் நான் பழக்கவில்லை.

இரண்டு பவரையும் ஒரே பட்டனில் சேர்க்க ஆசை வரும், வேண்டாம். பெரும்பாலான கருவிகளில் ஆன், ஆஃப் இரண்டுக்கும் ஒரே கட்டளைதான். ஒரு கருவிக்கு ஒருமுறை கட்டளை போய்ச் சேராவிட்டால், அதிலிருந்து ஒன்று ஆன் ஆகும்போது மற்றது ஆஃப் ஆகும்.

பழக்கும்போது ஜன்னல் வெயிலை மறைத்து, சிஎஃப்எல் விளக்கையும் அணைத்துவிடுங்கள். பழைய ரிமோட்டுக்குப் புது பேட்டரி போடுங்கள். சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கவரைக் கழற்றுங்கள். பழைய ரிமோட் வேலை செய்கிறதா என்று சந்தேகமிருந்தால் போனின் முன் கேமராவில் காட்டிப் பட்டனை அழுத்திப் பாருங்கள், ரிமோட்டின் முனையிலுள்ள சின்னப் பல்பு ஊதா நிறத்தில் மின்னும். பிறகு இரண்டையும் மேசையில் மூக்கோடு மூக்கு வையுங்கள், நடுவில் இரண்டு விரல் இடைவெளி. ஆம்ப்ளிஃபயர் கிட்டோடு வந்தது சிஆர் 2025 பட்டன் செல் போடும் அட்டை ரிமோட். அதன் பல்பு மிகத் தாழ்வாக இருந்ததால் நான்கு முறை முயன்றும் பழகவில்லை. அடியில் ஒரு தீப்பெட்டியைப் படுக்கவைத்தேன், இரண்டு பல்பும் நேருக்கு நேர் வந்தன, உடனே பிடித்துக்கொண்டது.

புது ரிமோட்டில் லேர்ன் பட்டனை விளக்கு நின்று எரியும்வரை அழுத்தி, பழக்க வேண்டிய பட்டனைத் தட்டி, பிறகு பழைய ரிமோட்டில் ஒரே ஒரு தட்டு. மாடலுக்கு மாடல் இது கொஞ்சம் மாறும், கூட வரும் சீட்டைப் பாருங்கள். விளக்கு எரிவதற்கு முன்பே பழைய ரிமோட்டின் பட்டனை அழுத்திக்கொண்டிருக்கக் கூடாது. ரிமோட்டுகள் கட்டளை அனுப்பப் பல முறைகள் உண்டு; மலிவான கிட்டுகளில் பரவலாக இருக்கும் என்இசி முறையில் முழுக் கட்டளை முதல் தடவை மட்டும்தான் போகும். பட்டனைப் பிடித்துக்கொண்டே இருந்தால் 108 மில்லி விநாடிக்கு ஒருமுறை 'அதேதான்' என்கிற சின்னக் குறிப்பு மட்டும் போகும். ரிமோட் அந்தக் குறிப்பைக் கற்றுக்கொண்டால் எதற்கும் உதவாது.

சித்தி வீட்டில் செய்தபோது இன்னொன்று தெரிந்தது. சேனல் எண் 122 என்று அழுத்தினால் 12 வந்தது. பிலிப்ஸின் ஆர்சி-5 போன்ற முறைகளில் ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு பிட் (0 அல்லது 1) மாறி மாறிப் போகும், இது புது அழுத்தல் என்று பாக்ஸ் தெரிந்துகொள்ள. பழக்கிய ரிமோட் ஒரே பிட்டைத் திரும்பத் திரும்ப அனுப்புவதால் இரண்டாவது 2-ஐ, விரல் எடுக்காமல் பிடித்திருப்பதாகப் பாக்ஸ் நினைத்துவிடும். எத்தனை முறை பழக்கினாலும் இது தீராது. அந்தப் பாக்ஸின் கோடு உள்ளேயே இருக்கும் ரிமோட்டாகப் பார்த்து வாங்கினோம். முதலில் கோடைப் போட்டு, அதே பக்கத்தின் மேல் சத்தத்தையும் அம்புக்குறிகளையும் பழக்கியதும் சரியாகிவிட்டது.

பழைய ரிமோட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், புதியது தொலைந்தால் மறுபடி பழக்க அவைதான் வேண்டும். பேட்டரியைக் கழற்றி, எந்தப் பட்டனுக்கு எது என்று எழுதிய காகிதத்தோடு ஒரு டப்பாவில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன்.

அப்புறம், அம்மாவுக்கு இருட்டில் பட்டன் தெரியவில்லை. சத்தம் குறைக்கும் பட்டன் மேல் நகப்பூச்சில் ஒரு சொட்டு வைத்தேன். காய்ந்ததும் அதன் மேல் இன்னொரு சொட்டு. இப்போது விரலில் தட்டுப்படுகிறது.