விடுமுறைக்கு வந்த படம்: பார்த்த அன்றே கருத்து எழுதும் முறை

அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கும் டிசம்பர் கடைசி வாரத்திலும், பொங்கலை ஒட்டிய நாட்களிலும், நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து வீடுகளில் எழும் முதல் கேள்வி எந்தப் படத்துக்குப் போகலாம் என்பதுதான். நம் குமரி மாவட்டத்துக்கு ஓணத்தன்றும் உள்ளூர் விடுமுறை உண்டு என்பதால், அப்போது வெளியாகும் மலையாளப் படங்களும் இந்தக் கேள்விக்குள் வந்துவிடுகின்றன. யாரோ ஒருவர் பார்த்துவிட்டு வந்து எழுதும் நான்கைந்து வரிகளை நம்பி, ஐந்து பேர் உள்ள ஒரு குடும்பம் டிக்கெட், பேருந்துக் கட்டணம், இடைவேளைத் தின்பண்டம் என்று ஒரு நாள் சம்பளத்தைச் செலவழிக்கிறது. ஆகவே அந்த நான்கைந்து வரிகளையும் பொறுப்போடு எழுத வேண்டும்.

முதலில், படம் பார்க்கும்வரை மற்றவர்களின் கருத்தைப் படிக்காதீர்கள். இது நம் ஊரில் எளிதன்று. பெரிய நடிகர்களின் தமிழ்ப் படங்களுக்குக் கேரளத்தில் விடியற்காலைக் காட்சிகள் நடப்பதுண்டு. தமிழ்நாட்டிலோ அண்மை ஆண்டுகளில் முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான். எல்லை தாண்டிப் போய்ப் பார்த்தவர்களின் தீர்ப்பு, நாகர்கோவிலில் திரையரங்கக் கதவு திறக்குமுன்பே எல்லை ஊரான களியக்காவிளை வழியாக நம் கைபேசிக்கு வந்துவிடுகிறது. அதைப் படித்துவிட்டு உட்கார்ந்தால், படம் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்று தேடிக்கொண்டிருப்போம்.

படம் தொடங்கும்போது திரையில் வரும் தணிக்கைச் சான்றிதழை உற்றுப் பாருங்கள். படத்தின் நீளமும் வயது வகையும் அதில் இருக்கும். முன்பு யு/ஏ (பெற்றோர் வழிகாட்டலோடு பிள்ளைகள் பார்க்கலாம்) என்று ஒரே வகையாக இருந்தது, 2024ஆம் ஆண்டின் புதிய விதிகளின்படி 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் வேறு இல்லை. கருத்தின் முதல் வரியிலேயே அதை எழுதிவிடுங்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு படத்தைப் பற்றி, 'குடும்பத்தோடு பார்க்கலாம்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டேன். அதை நம்பிக் குளச்சலிலிருந்து என் சித்தி நாலு வயதுப் பேத்தியையும் அழைத்துக்கொண்டு போயிருக்கிறார். முதல் வெட்டுக்குத்துக் காட்சியிலேயே குழந்தை இரு உள்ளங்கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு, சித்தியின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டதாம். இடைவேளையில் எழுந்து வந்துவிட்டார்கள். 'நீ எழுதுனத நம்பித்தானே மக்களே போனோம்' என்று சித்தி கோபமே இல்லாமல் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. அதன்பின் 'குடும்பம்' என்ற சொல்லைத் தனியாக எழுதுவதில்லை. ரத்தம் எவ்வளவு, சத்தம் எவ்வளவு, எத்தனை வயதுப் பிள்ளை தாங்கும் என்று பிரித்தே எழுதுகிறேன்.

அடுத்து, படத்தின் குறையையும் திரையரங்கின் குறையையும் கலக்கக்கூடாது. வசனம் புரியவில்லை என்றால், ஒலிப்பதிவு மோசமா, அரங்கின் ஒலிபெருக்கி பழுதா, அல்லது முதல் நாள் ரசிகர்களின் விசில்தான் காரணமா என்று யோசியுங்கள். எந்த நாள், எந்தக் காட்சியில் பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். முதல் நாள் முதல் காட்சியில் அரங்கமே எழுந்து ஆடிய பாடல், மூன்றாம் நாள் மாலைக் காட்சியில் வெறும் பாடலாகவே கடந்து போகலாம்.

மலையாளப் படமென்றால், மூல மொழியில் பார்த்தீர்களா, தமிழ்க் குரல் சேர்த்த பதிப்பைப் பார்த்தீர்களா என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். மாவட்டத்தின் மேற்கே விளவங்கோடு பக்கத்தில் மலையாளத்தை நேரடியாகவே ரசிப்பவர்கள் ஏராளம். கிழக்கே தோவாளைப் பக்கத்தில் அப்படியில்லை. மலையாளத்தின் முதல் படத்தை எடுத்த ஜே.சி.டேனியல் நம் அகஸ்தீஸ்வரத்தில் பிறந்தவர் என்பதை நினைத்தால், அந்தப் படங்களை அயல்படம் என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

நம் மாவட்டத்துக் கதை என்று சொல்லிக்கொண்டு வரும் படத்தில் பேச்சைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். 'மக்கா', 'லேய்' என்று ஆங்காங்கே தூவிவிட்டால் குமரித்தமிழ் ஆகிவிடாது. 'எனக்க வீடு', 'அவனுக்க அம்மை' என்று உரிமையைச் சொல்லும் இடத்தில் ஒலிக்கும் அந்த 'க்க' சரியாக வருகிறதா, கிழக்குப் பக்கத்துக்காரராகக் காட்டப்படுபவர் மேற்குப் பக்கத்துப் பேச்சைப் பேசுகிறாரா என்பதை வெளியூர் விமர்சகர் கண்டுபிடிக்க முடியாது, நம்மால் முடியும். நடிகர் முயன்று பேசியிருந்தால் அதையும் மனதாரப் பாராட்டி எழுதுங்கள்.

இனி எழுதும் விதம். 'இரண்டாம் பாதி இழுவை' என்பது யாருக்கும் எதையும் சொல்லாத வாக்கியம். அதையே இப்படி எழுதலாம்: 'இடைவேளைக்குப் பின் அரை மணி நேரம் நாயகனின் பழைய கதை வருகிறது, அதில் தந்தையாக வருபவரின் நடிப்பு நன்று, ஆனால் நமக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தியையே அந்தப் பகுதி திரும்பச் சொல்கிறது.' இதைப் படித்தவர், நடிப்புக்காக அந்த அரை மணி நேரத்தைப் பொறுத்துக்கொள்வதா என்று தாமே முடிவு செய்வார். மதிப்பெண் போடுவதை நான் விட்டுவிட்டேன். ஐந்துக்கு மூன்று என்பது எதற்கு மூன்று என்று யாருக்கும் தெரிவதில்லை. மிகவும் பிடித்த ஒன்று, உறுத்திய ஒன்று, யாருக்கு ஏற்ற படம் என்ற மூன்றும் இருந்தால் போதும்.

திரையைக் கைபேசியில் படம்பிடித்துக் கருத்தோடு சேர்க்காதீர்கள். திரையரங்கில் படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்வதற்கு, 2023ஆம் ஆண்டுத் திரைப்படத் திருத்தச் சட்டத்தின்படி குறைந்தது 3 மாதச் சிறையும் 3 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. சான்றுக்குப் படம் வேண்டுமென்றால் வாசலில் ஒட்டியிருக்கும் சுவரொட்டியை எடுத்துக்கொள்ளலாம்.

எழுதி முடித்ததும், வீட்டில் அந்தப் படத்தைப் பார்க்காத ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். கதையின் முடிவை அவர் ஊகித்துவிட்டால், ஊகிக்க வைத்த வரியை எடுத்துவிட்டு அனுப்புங்கள்.